ஹாங்காங் பெண்ணுக்குப் பேசியது யார்

சங்ககிரி,
12.3.1981

மதிப்பிற்குரிய மாமா சின்னுசாமி அவர்களுக்கு, மருமகன் வேலுமணி பணிந்து எழுதிக்கொள்வது. நான் நலம். தங்கள் மகள் பொன்னாத்தாள் என்னைவிட நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு ஹாங்காங் படம் ஒன்று வந்தது. பேச்செல்லாம் சீன மொழி. ஆகவே முதலாளி மாதையன் வழக்கம்போல என்னை மைக் முன்னால் உட்காரவைத்துக் கதை சொல்லச் சொன்னார். படத்தில் ஒரு பெண், அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போகிறாள், வழியில் சாராயக் கடையில் பன்னிரண்டு பேரைப் பெஞ்சாலேயே அடிக்கிறாள், வாயை மட்டும் திறப்பதே இல்லை. நம் பெண்களும் பார்க்கிற படமாயிற்றே, கொஞ்சம் அடக்கம் வேண்டாமா என்று, அவள் அடிக்க அடிக்க நான், "ஐயோ, அத்தானுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ!" என்று மைக்கில் அழுதேன். மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் தங்கள் மகள் வந்து பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ள வாயே தொறக்கலீங்களே, நீங்க எதுக்குங்க அழுவறீங்க?" என்று அங்கிருந்தே கத்தினாள். கொட்டகையே சிரித்தது. அந்த நாட்டுப் பெண்கள் மனதுக்குள்தான் பேசுவார்கள் என்று சமாளித்தேன். கடைசியில் வில்லன் செத்து, அவள் தனியாகக் கடற்கரையில் நடந்து போகையில், "இதோ, அத்தான் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கப் போகிறாள்" என்று முடித்தேன். அவ்வளவுதான் மாமா, தங்கள் மகள் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கி, "அவ சமைக்கப் போகலீங்க! எங்க போறான்னு அவளுக்கே இன்னும் தெரியல. போவட்டும் உடுங்க!" என்றாள். விசில் பறந்தது. மறுநாள் நூல் மில் பெண்கள் ஷிப்ட் முடிந்து கூட்டமாக வந்து, "அந்தக்கா பேசுமா?" என்று கேட்டுத்தான் டிக்கெட் எடுத்தார்கள். முதலாளி அவளை மைக்கில் உட்காரவைத்து, என்னை வாசலில் டிக்கெட் கிழிக்க நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "என் மானமே போச்சு" என்றேன்.

"எட்டு வருசமா என்ர பேச்சயும் நீங்கதானுங்க பேசறீங்க. போன மாசம் எங்க வலிக்குதுன்னு டாக்டரம்மா என்னையத்தான் கேட்டாங்க. நீங்க சொன்னீங்க. தப்பாச் சொன்னீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை மாமா, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

ஆகவே தாங்கள் உடனே வந்து, அவளை ஒரு மாதம் ஜேடர்பாளையம் கூட்டிப் போய்ப் புத்தி சொல்லி அனுப்ப வேண்டும். அத்தைக்கு என் வணக்கம். காவிரித் தண்ணீரும் தங்கள் கரும்பும் குறைவில்லாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மருமகன்
வேலுமணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. இதில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே சண்டை போடுகிறார்கள், ஒரு குரல் போதாதாம். ஆகவே பெண்கள் இருவருக்கும் பொன்னாத்தாளும், அடிவாங்கும் ஆண்கள் அத்தனை பேருக்கும் நானும் பேசுகிறோம். "தாயே, மன்னிச்சிருங்க" என்பதை ஏழு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், அஞ்சாவதுதான் உண்மையாக இருக்கிறது என்று பொன்னாத்தாள் சொன்னாள். மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். வருவதானால் சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு அத்தையோடு வாருங்கள்.