மூங்கில்நகர் ஒரு மணி நேரம்

ஒரு காட்டில் தேர்வு வாரியம் ஒன்று இருந்தது. வாரியத்தில் இருந்த எல்லாருமே பறவைகள். தூரம் என்பதே அவர்களுக்குப் பறக்கும் நேரம்தான்.

அந்தக் காட்டின் ஈச்சம்பட்டியில் பூவரசி என்ற முள்ளம்பன்றிப் பெண், வைத்தியக் கல்லூரியில் சேர முள் உதிர உதிரப் படித்தாள். அவளுக்குத் தேர்வு மையத்தை மூங்கில்நகரில் போட்டார்கள். ஹால் டிக்கெட்டில் 'பயண நேரம்: ஒரு மணி' என்று அச்சடித்திருந்தது.

வாரியத்தின் உள்ளூர் கவுண்டரில் ஒரு கிளி கொய்யா கொறித்துக்கொண்டிருந்தது.

"சார், மூங்கில்நகருக்கு நடந்தா நாலு நாள் ஆகும். இங்கேயே மையம் போடக் கூடாதா?"

"ஒரு மணி நேரம்தாம்மா."

"அது பறந்தா."

"ஆமா, பறந்தா. நான் என்ன நீந்தியா போகச் சொன்னேன்?"

"எனக்கு இறக்கை இல்லையே சார்."

"அது உங்க குடும்பப் பிரச்சினை. வாரியம் எல்லாருக்கும் ஒரே தூரம்தான் வச்சிருக்கு. பாரபட்சமே கிடையாது. அடுத்தது யாரும்மா?"

பூவரசி வாதாடிப் பார்த்தாள். கிளி சொன்னதையே சொன்னது. அதற்காகத்தான் அதை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

"கிழங்கு அவிச்சுக் கட்டித் தரேன், இப்பவே கிளம்புடி," என்றாள் அம்மா. "சண்டையை வந்து வச்சுக்கலாம்."

கிளம்பினாள். இரண்டு ஆறுகள், ஒரு பாறைமேடு, வழிநெடுக மழை. அதே ஊரிலிருந்து அதே தேர்வுக்குப் போக வேண்டிய பருந்து ககனதீபன், உச்சிக்கிளையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது உங்களுக்கு முடிவு தெரிந்திருக்கும். நடந்தவள் ஜெயிப்பாள், தூங்கியவன் தோற்பான். ஒன்றாம் வகுப்பிலிருந்து நமக்கு அப்படித்தானே ஊட்டியிருக்கிறார்கள்?

தேர்வன்று விடியும்போதே பூவரசி மூங்கில்நகர் வாசலில் நின்றாள். அவள்தான் முதல் ஆள். வாசல் அதிகாரியான நாரை ஒற்றைக்காலில் நின்றபடி விசாரித்தது.

"எப்ப கிளம்பின?"

"திங்கட்கிழமை சார்."

நாரை இன்னொரு காலையும் கீழே வைத்தது. "ஒரு மணி நேரப் பயணத்துக்குத் திங்கட்கிழமையே கிளம்பினியா? மிச்ச நேரமெல்லாம் எங்க இருந்த? கேள்வித்தாள் எந்தப் புதர்ல கைமாறுச்சு?"

"நடந்து வந்தேன் சார். கால் எப்படி வீங்கியிருக்கு, பாருங்க."

"வீக்கத்தை எல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாதும்மா. ஹால் டிக்கெட்ல ஒரு மணின்னுதானே போட்டிருக்கு? அப்ப ஹால் டிக்கெட் பொய் சொல்லுதுங்கிறியா?"

"ஆமா சார், பொய்தான் சொல்லுது."

அதையும் நாரை குற்றத்தில் சேர்த்துக்கொண்டு, அவளை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவைத்தது.

மணி அடித்து வெகுநேரம் கழித்து ககனதீபன் கொட்டாவியோடு வந்து இறங்கினான். நாரை கதவைத் திறந்துவிட்டது. களைப்பாக இருப்பான் என்று கூடுதல் நேரமும் கொடுத்தது.

"சார், அவன் லேட்டு," என்றாள் பூவரசி.

"எதிர்க்காத்தும்மா. நடக்கிறவங்களுக்கு அதெல்லாம் புரியாது."

முறைகேடு செய்ததாகச் சொல்லி, இனிமேல் எந்தத் தேர்வும் எழுதக் கூடாது என்று பூவரசிக்குத் தடை போட்டார்கள். மேல்முறையீடு எங்கே செய்வது என்று கேட்டாள்.

"மலை உச்சியில. பக்கம்தான், அரை மணி நேரம்," என்றது நாரை.

நீதி: பிள்ளைகளே, விடாமுயற்சி சந்தேகத்துக்கு இடமளிக்கும். முதலில் இறக்கையோடு பிறந்துகொள்ளுங்கள். அப்புறம் நிம்மதியாகத் தூங்குங்கள்.