சாப்பாட்டு மேசையின் அரசியலமைப்பு

பேராசிரியரின் கையெழுத்துப் பிரதி இன்றைக்கும் மாமனாரின் கட்டிலுக்குக் குடிபோயிருந்தது. சாப்பாட்டு மேசை முழுக்கத் துணி. தையல் வேலை செய்யும் மனைவி, தாள்கட்டை வழக்கம்போல் அங்கே ஒதுக்கிவிட்டு, சட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

பல நாட்டு அரசியலமைப்புகளை ஒப்பிட்டு ஒன்பது வருடமாக எழுதிய புத்தகம் அது. சட்டம் படிக்காத ஒரே ஓர் ஆளுக்காவது புரிந்தால்தான் அச்சுக்குப் போகும் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கெடு. எளிமையாக்கித் திருப்பி எழுத மேசை வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே மேசை.

மனைவியிடம் சண்டை போட்டு ஜெயித்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. அதனால் வீட்டுக்கு ஓர் அரசியலமைப்பு எழுதினார். முதல் பிரிவு: மாலை ஆறு மணிக்கு மேல் மேசை பேராசிரியருக்கு.

"இது செல்லுமா செல்லாதான்னு யாருங்க சொல்றது?" என்றாள் மனைவி, கத்தரியை நிறுத்தாமல்.

நியாயமான கேள்வி. முப்பது வருடம் வகுப்பில் அவர் கேட்ட கேள்வியும் அதுதான். மாமனாரை நீதிபதியாக்கினார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அதிர்ந்து பேசாத மனிதர், தலையாட்டிவிடுவார் என்று நினைப்பு.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பிரிவு சமத்துவத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தார்.

பேராசிரியர் நெதர்லாந்துக்குத் தாவினார். நாடாளுமன்றம் போட்ட சட்டம் அரசியலமைப்புக்குப் பொருந்துகிறதா என்று அங்கே நீதிமன்றம் பார்க்கக் கூடாது. அதே மாதிரி நீதிபதியின் அதிகாரத்தைப் பிடுங்க ஒரு திருத்தம் எழுதினார். திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று விதித்தவரும் அவரே. நீதிபதி நீங்கலாக ஓட்டுப் போடுகிறவர்கள் இரண்டு பேர். கணக்குப்படி ஒரு முழு ஆளும் இன்னோர் ஆளில் மூன்றில் ஒரு பங்கும் தேவை. மனைவி முழுசாகவே மறுத்துவிட்டாள்.

ஓட்டு விழுந்திருந்தாலும் செல்லாது என்றார் மாமனார். ஜெர்மனியில் சில அடிப்படைகளை யாராலும் திருத்த முடியாதாம்.

கடைசியாகப் பிரிட்டனைப் பிடித்தார். அங்கே அரசியலமைப்பு ஒரே ஏடாக எழுதப்படவில்லை, மரபுக்கும் மதிப்புண்டு. எழுதியதைக் கிழித்துவிட்டு மரபுப்படி போகலாம் என்றார். மரபுப்படி பார்த்தால் பதினோரு வருடமாக இந்த மேசையில் துணிதான் வெட்டுகிறார்கள் என்று தீர்ப்பு வந்தது, டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற நிதானத்தில்.

வியாழக்கிழமை மாலை, பேராசிரியர் துணிமணிக்கு நடுவே ஒரு முழம் இடத்தில் தாளை வைத்து உட்கார்ந்தார். ஒரு வரி ஓடவில்லை. ஒன்பது வருடம் வீணாகிறதே என்று பேனாவை மூடி வைத்தார். மனைவிக்கும் பாவமாக இருந்தது. துணியை இன்னும் அரை முழம் நகர்த்திக் கொடுத்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மாமா. இத்தனை நாட்டுச் சட்டம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பேராசிரியர்.

"எல்லாம் உங்க புத்தகம்தான் மாப்பிள்ளை. தினம் என் கட்டில்லதானே கொண்டுவந்து வைக்கிறா, ரெண்டு தடவை படிச்சிட்டேன்" என்றார் மாமனார். "நல்லா புரியுதே, அதைப் போயி எதுக்குத் திருப்பி எழுதறீங்க?"