சடையப்பன் கையை விட்டுப் போகாத முள்

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று ராஜாவாக இருந்தது. யார் எப்போது போய்க் கேட்டாலும் அது மீட்டிங்கில் இருந்ததால் இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை. கதை சடையப்பன் என்ற முள்ளம்பன்றியைப் பற்றியது.

சடையப்பன் டார்ட்ஸ் ஆட்டக்காரன். பலகையில் வட்டம் போட்டு, எண்கள் எழுதி, தள்ளி நின்று முள் எறிகிற ஆட்டம்தான் அவன் பிழைப்பு. மற்ற விலங்குகள் கருவேல முள்ளைத் தேடி ஒடித்துச் சீவிக்கொண்டிருக்க, சடையப்பன் முதுகுப் பக்கம் கையை விட்டு உதிரப்போகிற முள்ளாகப் பார்த்து ஒன்றை உருவுவான். எறிந்தால் நட்டநடுவில் போய்க் குத்தி நிற்கும்.

சங்கத்தில் பெயர் பதியப் போன அன்று வரிசை ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது. எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். சடையப்பனுக்குப் பின்னால் மட்டும் தாராளமாக இடம் இருந்தது. சங்கச் செயலாளரான குள்ளநரி அவனுடைய படிவத்தைப் புரட்டிப் பார்த்தது.

"முள்ளு எங்க வாங்கினது? ரசீதைக் காணோமே."

"வாங்கலைங்க ஐயா. முதுகுல வளர்ந்தது."

"அப்படின்னா ஒவ்வொரு முள்ளுக்கும் பிறப்புச் சான்றிதழ் வேணும்."

சடையப்பன் நாலு தடவை நடந்தான். நாலாவது தடவை அவன் போய்விட்டானென்று நினைத்து, குள்ளநரி அவன் நின்ற இடத்தில் உட்காரப் போய், முள் குத்தி, உட்காராமலே எழுந்தது. "ஒரிஜினல் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி முத்திரை குத்திவிட்டது.

அடுத்த நாலு வருஷம் சடையப்பனுக்கு ஏறுமுகம். மழைக்காலக் கோப்பையை மூன்று முறை வாங்கினான். பட்டியலில் முதல் எட்டு இடத்துக்குள் இருக்கும் ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் மேட்டில் வளை ஒதுக்கும்; எவ்வளவு மழை கொட்டினாலும் அங்கே தண்ணீர் ஏறாது. அந்த வளையில்தான் அவன் மனைவி வடிவு இரண்டு குட்டிகளைப் பெற்றாள்.

ஒருநாள் காலையில் பயிற்சிக்கு நின்றான். குறி பார்த்தான். கை முன்னால் போனது. முள் போகவில்லை. விரல் மூன்றும் அதைப் பிடித்தபடியே இருந்தன. 'விடு' என்று மனசுக்குள் சொன்னான். விரல்கள் அதை யாருக்கோ சொன்ன மாதிரி இருந்தன. வெயில் ஏறுகிற வரை அப்படியே நின்றுவிட்டு, முள்ளைப் பிடித்த கையோடு வளைக்குத் திரும்பினான்.

"என்னங்க, கஞ்சி குடிக்கிறப்பவும் அதைக் கையிலயே வெச்சிருக்கீங்க?" என்றாள் வடிவு.

"விடமாட்டேங்குது, வடிவு."

உடும்பு வைத்தியரிடம் போனார்கள். டோக்கன் நாற்பத்தொன்று. வைத்தியர் நாடி பார்க்கக் கையைப் பிடித்தார்.

"இதெல்லாம் ஒரு வியாதியே இல்லப்பா. நான் பொறந்ததுலேருந்து எதையும் பிடிச்சா விட்டதில்லை. நல்லாத்தானே இருக்கேன்" என்றார். பிடித்த கையையும் விடவில்லை. வடிவு வெளியே போய் ஒரு முட்டை தேடிக்கொண்டுவந்து காட்டிய பிறகுதான் சடையப்பனால் வீட்டுக்குக் கிளம்ப முடிந்தது.

தூக்கத்தில் முள் தானாக நழுவும்; விழித்துக் குறி பார்த்தால் விரல்கள் மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்தப் பருவம் முழுக்கத் தோல்வி. பார்வையாளர்களுக்குத் தெரியக்கூடாது என்று வயிற்றுவலி, சுளுக்கு என ஏதாவது சொல்லி ஆட்டத்துக்கே போகாமல் இருந்தான். இரண்டாம் இடம் ஐந்தாகி, ஐந்து எட்டானது. குள்ளநரி ஓலை அனுப்பியது: அடுத்த ஆட்டத்துக்கு வராவிட்டாலும், வந்து தோற்றாலும் வளையை ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். எதிராளி துரைக்கண்ணு என்ற கருமந்தி. காட்டிலேயே அவனைப்போல வேகமாக எறிகிற கை கிடையாது.

மேற்கே மேகம் திரள ஆரம்பித்திருந்தது. ஆட்டத்தன்று காலையில் வடிவு கிழங்குகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்ததைச் சடையப்பன் பார்த்தான்.

நாணயம் சுண்டினார்கள். முதல் எறி சடையப்பனுக்கு. கோட்டில் கால் வைத்து, முள்ளை உருவி, கையை உயர்த்தினான்.

அதோடு நின்றான்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. துரைக்கண்ணு வாலைச் சுழற்றினான். பிறகு நடுவரான ஆமையிடம் போனான்.

"ஐயா, இவன் எறியவே மாட்டேங்கிறான்."

"இப்பத்தானே கையைத் தூக்கினார்" என்றது ஆமை.

"ஒரு மணி நேரமாச்சு."

"அதைத்தான் சொல்றேன்."

விதிப்புத்தகத்தை ஆமை பொறுமையாகப் புரட்டியது. எவ்வளவு நேரத்துக்குள் எறிய வேண்டும் என்று எங்கும் இல்லை. ஒருவர் எறிந்து முடிக்கும் வரை மற்றவர் களத்தை விட்டுப் போகக்கூடாது என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

சடையப்பனுக்குக் கண்ணில் நீர் கட்டியது. மேட்டு வளையை நினைத்தான். குட்டிகளை நினைத்தான். இந்த ஒரு முள் போனால் போதும் என்று விரல்களிடம் கெஞ்சினான். தோள் எரிந்தது, முள் மட்டும் அசையவில்லை. உச்சி வெயில் சாய்ந்தது. பக்கத்து அத்திமரத்திலிருந்து பழுத்த வாசனை காற்றில் வந்தது. துரைக்கண்ணு ஒருமுறை சடையப்பனைப் பார்த்தான், ஒருமுறை மரத்தைப் பார்த்தான்.

"நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன். அதுக்குள்ள இவன் எறிஞ்சுடவா போறான்" என்று சொல்லிவிட்டுத் தாவிவிட்டான்.

ஆமை கொடியை உயர்த்தியது. சடையப்பன் ஜெயித்தான்.

காடே அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட ஆசைப்பட்டது; முள்ளை நினைத்து விட்டுவிட்டது. என்ன நிதானம், என்ன நெஞ்சுரம் என்றார்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் மோத வேண்டியவர்கள் வெயிலுக்குப் பயந்து வரவே இல்லை. ஒரு முள்ளும் எறியாமல் சடையப்பன் அந்த ஆண்டின் சாம்பியன் ஆனான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வளை ஒதுக்கீட்டு அலுவலகத்தில் அவனுக்கு வேலை போட்டார்கள்.

விண்ணப்பங்கள் அவன் கைக்கு வந்தன. கையிலேயே இருந்தன. வருஷக் கடைசியில் ஆய்வுக்கு வந்த கழுகு ஆச்சரியப்பட்டது. இந்த இருக்கையிலிருந்து போன எந்தக் கோப்பிலும் ஒரு பிழைகூட இல்லை என்று குறிப்பு எழுதி, பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்தது.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் சடையப்பன் வளைக்குப் பின்னால் போய், பழைய பலகைக்கு எதிரே சும்மா நின்றான். ஒரு முள்ளை உருவினான். கை முன்னால் போனது. முள்ளும் போனது. நட்டநடுவில் குத்தி நின்று ஆடியது.

சடையப்பன் தன் விரல்களை விரித்து விரித்துப் பார்த்தான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வடிவு ஓடிவந்தாள். பலகையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு முள்ளைப் பிடுங்கி முந்தானைக்குள் மறைத்தாள்.

"ஆபீஸ்ல வாயைத் தொறந்துடாதீங்க" என்றாள்.

நீதி: குறி தவறக் கூடாது என்றால் எறியாமல் இருக்க வேண்டும். எறிய முடிந்துவிட்டால் அதை வெளியே சொல்லாமலாவது இருக்க வேண்டும்.