சும்மாதானே இருக்கு!

மனிதர்களில் ‘சும்மாதானே’ என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அவர்கள் வீட்டு ஆணியில் தொங்கும் சாவிகளில் பாதி அவர்கள் வீட்டுச் சாவியாக இருக்காது. கதவோரம் கிடக்கும் பார்சலில் பக்கத்து வீட்டுப் பெயர் இருக்கும். பால்கனியில் வாடிக்கொண்டிருக்கும் செடி, வெளியூர் போன மாடி வீட்டுக்காரருடையது. அவர் போன வருஷமே திரும்பி வந்துவிட்டார், செடிதான் திரும்பிப் போகவில்லை. யாராவது தயங்கித் தயங்கி, “உங்களுக்குச் சிரமமா இருக்குமோ...” என்று இழுத்தால் போதும், வாக்கியம் முடிவதற்குள் இவர்கள் கை நீண்டுவிடும்.

“அட, இதுல என்ன இருக்கு? சும்மாதானே இருக்கேன், குடுங்க!”

நிஜமாகவே சும்மா இருக்கிறார்களா? அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். துவைத்து முடித்துவிட்டேன் என்று வாஷிங் மெஷின் கத்திக்கொண்டிருக்கும். அது வேறு விஷயம்.

இந்த இனத்துக்கே தலைவியாக ஓர் அக்கா இருக்கிறார். முதுகுக்குப் பின்னால் தெரு அவரை ‘சும்மாக்கா’ என்று கூப்பிடும். முகத்துக்கு நேரே வெறும் ‘அக்கா’தான். அப்படிக் குழைந்து கூப்பிட்டால்தானே காரியம் ஆகும்?

அக்கா ஒரு காலத்தில் கம்பெனியில் கணக்கு எழுதியவர். மகள் பிறந்ததும் வேலையை விட்டார். மகள் இப்போது காலேஜ் போகிறாள். இத்தனை வருஷம் கழித்து, வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலை ஒன்றுக்கு அக்கா எழுதிப்போட, அவர்களும் கூப்பிட்டுவிட்டார்கள். சனிக்கிழமை காலை, கம்ப்யூட்டர் வழியாக முகம் பார்த்து இன்டர்வியூ. இதை விட்டால் இனி நம்மை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரே உதறல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளின் போனை வைத்து ஓர் ஒத்திகை. கம்ப்யூட்டர் என்ன செய்தது தெரியுமா? அக்கா கொட்டாவி விட்ட நேரம் பார்த்து முகத்தைப் பிடித்து நிறுத்தி, வாய் பிளந்தபடியே வைத்துக்கொண்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல விட்டு விட்டு வந்தது. இந்த மூஞ்சிக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

குற்றவாளியைத் தேட வேண்டிய அவசியமே அக்காவுக்கு இல்லை. போன மாதம் அவருடைய வீட்டுக்காரர் ஒரு சாஃப்ட்வேர் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில், எங்கோ இருக்கும் மருந்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது இலவசமாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கும்.

“ஏங்க, இங்க வாங்க! ஊரான் கணக்கப் போட்டுப் போட்டு நம்ம மெஷின் நொண்டியடிக்குது பாருங்க.”

“அதனால இல்லம்மா. அது சும்மா இருக்கறப்ப மட்டும்தான் வேலை பார்க்கும். நீ வந்து உக்காந்தா ஒதுங்கிடும்.”

“நான் வந்தா ஒதுங்கற ஜென்மம் இந்த வீட்ல ஒண்ணு இருக்கா? நம்பிட்டேன்.”

“நெசமாத்தான். கொஞ்சம் சூடாகும், உள்ள ஃபேன் சத்தம் போடும், கரண்டும் கொஞ்சம் கூட இழுக்கும். அதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா இந்த இழுவை அதோட இழுவை இல்ல.”

“கேட்டா உடனே குடுத்துடறதா? கண்ணால பார்க்காத ஆளுக்கு ஓசியில உழைக்கறதுக்குப் பேரு என்ன தெரியுமா? ஏமாளித்தனம்! நம்ம வேலை கெடையா கெடக்கு, ஊர் வேலை ஓடுது!”

இதைச் சொன்னபோது அக்காவின் இடது கையில் பக்கத்து வீட்டு டீச்சரின் விடைத்தாள் கட்டு இருந்தது. மார்க்கைக் கூட்டிக் கொடுப்பதற்காக வாங்கி வந்தது. சும்மாதானே இருக்கிறார்?

வீட்டுக்காரர், ரயிலேற்றிவிட வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சாஃப்ட்வேரை எடுத்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். அது எழுந்தது, நெளிந்தது, பழையபடியே படுத்துக்கொண்டது.

“தள்ளும்மா,” என்று மகள் உட்கார்ந்தாள். எது எது எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

“இத்தனை கல்யாண வீடியோ யாருதும்மா?”

“மாடி வீட்டுப் பொண்ணோடது. அவங்க கம்ப்யூட்டர்ல எடம் இல்லையாம், பாவம். நம்மளுது சும்மாதானே இருந்துச்சு.”

“ஏதோ ஒண்ணு டவுன்லோடு ஆகிட்டே இருக்கே?”

“அது எதிர்வீட்டுத் தையக்கடைக்காரம்மா கேட்ட தையல் கிளாஸ். அவங்க வீட்ல நெட் சரியில்ல.”

“சரி, பிரவுசர்ல எதுக்கு இவ்ளோ பக்கம் தொறந்து கெடக்கு?”

“அய்யோ, மூடாதடி! அது டீச்சர் பையனுக்குக் காலேஜ் தேடறது. அது கீழ்வீட்டு அம்மாவோட மூட்டுவலிக்கு. அது... அது என்னன்னு மறந்துபோச்சு. யாரோ கேட்டாங்க.”

மகள் நாற்காலியைத் திருப்பி அம்மாவையே பார்த்தாள்.

“அந்த சாஃப்ட்வேருக்காவது அறிவிருக்கும்மா. வீட்டு ஆளுங்க வந்தா ஒதுங்கிக்குது. உனக்கு அந்த செட்டிங்கே வைக்காம அனுப்பிட்டாங்க.”

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த பேப்பர்தான் குலுங்கியது.

அன்றைக்கு மாடிக்கும் கீழுக்கும் எதிர்வீட்டுக்குமாக அக்கா நடையாய் நடந்து, வீடியோக்களை உரியவர்களிடம் ஒப்படைத்து, டவுன்லோடை நிறுத்தி, மூட்டுவலியை மனசே இல்லாமல் மூடி, விடைத்தாள் கட்டை மட்டும் ‘நாளைக்குத்தானே கேட்டார்கள்’ என்று ஒளித்து வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் குளித்துவிட்டு வந்ததுபோல நின்றது.

சனிக்கிழமை. திரையில் மேனேஜர் பளிச்சென்று தெரிந்தார். அக்காவும் வாய் மூடித் தெரிந்தார். கணக்குக் கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில். கடைசியாக மேனேஜர் கேட்டார்:

“இத்தனை வருஷமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

“சும்மா...”

கதவுக்கு வெளியே மகள் இருமினாள்.

“சும்மா இருக்க எங்க சார் விட்டாங்க? ஒரு வீட்டையும் பாதித் தெருவையும் நடத்திட்டிருந்தேன்.”

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். திங்கட்கிழமையே வேலையில் சேரச் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு எழுந்திருக்கலாம். எழுந்திருந்தால் அது அக்காவா?

“ஒண்ணே ஒண்ணும்மா,” என்றார் மேனேஜர். “ மாசக் கடைசியில மட்டும் இன்னொரு கிளையோட கணக்கையும் யாராவது பார்க்கணும். அதுக்குத் தனியா ஆள் இல்ல. உங்களுக்குச் சிரமமா இருக்குமோ...”

“அட, இதுல என்ன சார் இருக்கு? சும்மாதானே இருப்பேன், குடுங்க!”

வெளியே மகள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் மேனேஜருக்கே கேட்டிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் சத்தம் போடாமல் அந்த சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. “இருந்துட்டுப் போகட்டும். நான் வந்தா ஒதுங்கறது அது ஒண்ணுதான்,” என்று சொல்லிவிட்டு மார்க் கூட்டப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு உங்கள் வீட்டு ஆணியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே தொங்குவதெல்லாம் உங்கள் சாவிதானா? ஆமாமா? அப்படியென்றால் ரொம்ப நல்லதாய்ப் போயிற்று, ஆணியில் இடம் இருக்கிறது. இந்தாருங்கள், கீழ்வீட்டு அம்மா வந்தால் இந்தச் சாவியை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

சும்மாதானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?