பொத்தானின் பதின்மூன்றாவது படம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, பொத்தானிடம் பேசிவிட்டு முழுச் சட்டையோடு வீடு திரும்பியவர் எவரும் கிடையாது. பேச்சு சூடேறினால் எதிராளியின் மார்புப் பொத்தானைப் பிடித்துத் திருகுவான். பேச்சு முடியும்போது அது அவன் கையில் இருக்கும். அதனாலேயே அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். "தையல் சரியில்லையே" என்று முகம் அறியாத தையற்காரரைத் திட்டிவிட்டு, பொத்தானை மறதியாக மடியில் முடிந்துகொண்டு போய்விடுவான். சட்டை போடுகிறவர்களே குறைவான காலம் அது. அவனைக் கண்டதும் பெரிய மனிதர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நடந்தார்கள். வெளியூர்க்காரர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள்.

நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய சித்திரப் பள்ளியில் உடுப்புச் சித்திரம் படித்தோம். அவன் வத்திராயிருப்பு ஜவுளிக்கடைக்காரர் மகன். நான் ராஜபாளையத்துப் பருத்திக்காட்டுக்காரன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள். எனக்கு இருந்தது ஒரே சட்டை. அதன் மூன்றாவது பொத்தான் முதல் நாளே அவன் மடிக்குப் போயிற்று.

சென்னைக் கலைப்பள்ளியில் சேர, சொந்தக் கையால் வரைந்த பன்னிரண்டு உடுப்புப் படங்களைக் கட்டி அனுப்ப வேண்டும். தேறாவிட்டால் திரும்பி வந்து களை எடுக்க வேண்டியதுதான் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

நான் ஆட்களை நன்றாக வரைவேன். மீசை முடியை எண்ணலாம். ஆனால் அவர்கள்மேல் உடுப்பு பலகையாய் நிற்கும். பொத்தான் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏலே, இந்த ஆளு எம்புட்டு நேரமா நிக்காரு? உக்காந்தா டர்ருனு கிழிஞ்சிரும்னு பயந்துல்லா நிக்காரு, பாவம்!"

அவன் படங்களில் ஆளே கிடையாது. ஓர் அங்கி தானாகக் குனிந்து கிணற்றில் நீர் இறைத்தது. ஒரு தலைப்பாகை, தலையே இல்லாமல், மாட்டுவண்டியில் தூங்கி வழிந்தது.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஆளு எங்கடா?"

"குளிக்கப் போயிருக்காவ, ஐயா."

விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "அடடே, இது எங்க மச்சான்லா! வண்டியில ஏறுனா இப்படித்தான் கெடப்பாரு." வாத்தியார் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் உடுப்புக்கு நீ ஆளு போடு. உன் ஆளுக்கு நான் உடுப்புப் போடுதேன்" என்றான் பொத்தான்.

மறுத்துவிட்டேன். சொந்தக் கை என்று கையெழுத்திட வேண்டும். எங்கள் குடும்பத்தின் முதல் கையெழுத்து அது. பொய்யில் தொடங்க மனம் வரவில்லை.

"அப்படின்னா வாலே" என்று பழைய காகிதங்களை ஒட்டி ஓர் அங்கி வெட்டி எனக்கு மாட்டினான். சந்தை நாளில் தேர்வீதிக்கு இழுத்துப்போனான்.

"குனி. அந்தக் குடத்தைத் தூக்கு. அந்தா போற வண்டியில தாவி ஏறு!"

தாவினேன். காகித அங்கி அக்குளிலிருந்து இடுப்புவரை பிளந்தது. பூக்காரி பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள்: "ஏட்டி, அங்க பாரு! ரெக்கை முளைச்ச கோழி போகுது!"

பொத்தான் துள்ளிக் குதித்தான். "கிழிஞ்ச எடத்தைப் பாருலே! அங்கதான் துணி இழுக்கும். அங்க கோடு போடு!"

போட்டேன். என் ஆட்கள் முதன்முதலாக உட்கார்ந்தார்கள்.

இரண்டு கட்டுகளும் தபாலில் போயின. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்கு ஒரே வரி: படங்கள் முடிக்கப்படவில்லை, ஆட்களை வரைந்து மீண்டும் அனுப்புக.

பென்சிலை எடுத்தேன். "கொண்டா, நான் ஆளு போடுதேன். கையெழுத்தை எல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

"வேண்டாம்லே. உன் ஆளு வந்து உக்காந்தா என் உடுப்பு கசங்கிரும்." சிரித்தான். பேசும்போது என் நான்காவது பொத்தானைப் பிடித்திருந்தான். திருகவில்லை.

சென்னை போக நான் சாத்தூர் ரயிலடிக்குக் கிளம்பிய மாட்டுவண்டியில் ஒரு காகிதச் சுருளைத் திணித்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனான். ரயிலில் பிரித்துப் பார்த்தேன். ஒரு படம்: பெஞ்சின் விளிம்பில் ஒரு சட்டை மட்டும் உட்கார்ந்திருந்தது. பருத்திப் பொதி சுமந்ததில் இடது தோள் சரிந்திருந்தது. யாராவது எழுந்திரு என்றால் உடனே எழுந்துவிடும் போல இருந்தது. நான் அப்படித்தான் உட்காருவேன் என்று அதுவரை எனக்கே தெரியாது.

படத்தில், என் சட்டையில் இல்லாத மூன்றாவது பொத்தான் இருந்தது.