பதினேழாம் நம்பர் டோக்கன்

தக்காளி வாங்கப் போன மனிதனைச் சுரங்கத்தில் இறக்கியதுபோல் இறக்கிவிட்டு, ஆள் முழுசாகத் திரும்பிவிட்டானா என்று சரிபார்த்தவர், பெங்களூரிலேயே டோக்கன் பெருசு ஒருவர்தான்.

சந்தாபுராவைத் தாண்டி அவருக்கு ஒரு தோட்டம். அவரும் மகள் ஸ்டெல்லாவும் நடத்தினார்கள். மருந்து அடிக்காத காய்கறி. நாமே பறித்து எடைபோட்டு வாங்கி வரலாம். ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். பெருசு பாதி ஆயுளைத் தங்கவயல் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் கழித்தவர். அந்தப் பழக்கம் மேலே வந்தும் விடவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் முப்பது ஆணி, ஆணிக்கு ஒரு நம்பர் போட்ட பித்தளை டோக்கன். உள்ளே போகிறவர் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பும்போது அதே ஆணியில் மாட்டி, “எட்டு மேல வந்தாச்சு!” என்று கத்த வேண்டும். முப்பது ஆணியும் நிறைந்தால்தான் சாயங்காலம் கேட்டுக்குப் பூட்டு. தோட்டமோ பள்ளம் மேடு இல்லாத சமதரை.

ஒரு ஐ.டி. அம்மணி கூச்சப்பட்டு வாய்க்குள் முணுமுணுத்தார். “எனக்குக் கேக்கலம்மா. நீங்க இன்னும் கீழதான் கீறீங்க” என்று பெருசு காருக்குக் குறுக்கே நின்றுவிட்டார். அம்மணி அடுத்துப் போட்ட சத்தத்தில் கொய்யா மரத்துக் கிளிகள் காலி.

கடைசி வரிசைக் கத்திரிக்காயை மட்டும் யாரும் தொடக்கூடாது. ஒருவர் தெரியாமல் கை வைத்துவிட்டார்.

“சார், அது அவங்களுது.”

“எவங்களுது?”

“பூச்சிங்களுது. அவங்களுக்குன்னு அங்க விட்டாத்தான் இங்க வர மாட்டாங்க.”

“அப்ப அவங்களுக்கு டோக்கன் கிடையாதா?” என்றார் அவர் கிண்டலாக.

“அவங்க எங்க சார் வெளிய போறாங்க? குடியிருக்காங்க” என்றார் பெருசு, சிரிக்காமல்.

என் முறையும் வந்தது. மண் காயக்கூடாது என்று செடிகளுக்கு நடுவில் வைக்கோல் பரப்பி வைத்திருப்பார். ஷூவில் ஒட்டுகிறதே என்று நான் அதை ஒதுக்கித் தள்ளி, ராஜபாட்டை போட்டு நடந்தேன். தக்காளியைச் செடியோடு சேர்த்து இழுத்தேன்.

“இன்னா சார், காய் பறிக்கிறியா, பல்லு புடுங்குறியா?” என்றார் பெருசு.

தோட்டமே சிரித்தது. ஆபீசில் பத்துப் பேரை மேய்க்கிறவன் நான். கூடையை அங்கேயே போட்டுவிட்டு வேலிச் சந்து வழியாக வெளியேறி, மல்லேஸ்வரம் வீட்டுக்கு வந்துதான் மூச்சு விட்டேன். சட்டையைக் கழற்றும்போது டோக்கன் விழுந்தது. பதினேழு. ‘தேடட்டும்’ என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம், அந்தத் தோட்டத்துக்கு அடிக்கடி போகும் ஆபீஸ் நண்பன் சேகர் சொன்னான்: “பெருசுக்கு மறை கழண்டுடுச்சு மச்சி. பதினேழு வரலன்னு கேட்டப் பூட்டவே மாட்டேங்குது. பொழுது சாய்ஞ்சா வரிசை வரிசையா போயி ‘பதினேழு, பதினேழு’ன்னு கூப்புடுது. நேத்து மாடு பூந்து பீன்ஸ் பூரா மேஞ்சிடுச்சு.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ‘அது நான்தான்டா’ என்று சொல்லி, டோக்கனை அவன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. நாமே நேரில் போவோம் என்று ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவேன். சில்க் போர்டு டிராஃபிக் ஞாபகம் வந்ததும் படுத்துவிடுவேன். அப்படியே ஐந்து மாதம் ஓட்டினேன்.

ஒருவழியாகப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பலகை இருந்தது. பெருசு இல்லை. காலமாகி மூன்று வாரம் ஆகிறது என்றாள் ஸ்டெல்லா. நான் டோக்கனை நீட்டினேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“யாரோ மறந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பான்னு எவ்ளோ சொன்னேன் சார். கேக்கல. மைன்ஸ்ல அவர் செட்டு ஆளு ஒருத்தர் டோக்கன் ஒருதரம் வரல. வீட்டுக்குப் போயிருப்பான்னு அப்பாவும் கிளம்பி வந்துட்டாரு. அந்த ஆளு போகல சார், உள்ளயே இருந்தாரு. அதுலேர்ந்து அப்பா யார் சொன்னாலும் நம்ப மாட்டாரு.”

“வாசல் கேட்டைப் பூட்டியாச்சா?” என்றேன்.

“இன்னும் பூட்டல. எனக்கு மனசு வரல.”

இத்தனை பெரிய ஊரில் என்னை அத்தனை நாள் தேடியவர் வேறு யாரும் கிடையாது. பதினேழாம் ஆணியில் டோக்கனை மாட்டினேன். விதிப்படி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. தக்காளி வரிசைகளைப் பார்த்துத் திரும்பி நின்று, “பதினேழு மேல வந்தாச்சுங்கய்யா!” என்று கத்தினேன்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் கேட்டைப் பூட்டினாள்.