டயர்த் தேர்வு உயர்மட்டக் குழு

மனித குல வரலாற்றில் சக்கரத்தைக் கண்டுபிடித்ததுதான் மாபெரும் நிகழ்ச்சி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு விவரம் போதாது. அதைவிடப் பெரிய நிகழ்ச்சி ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் இரண்டாவது மாடியில், குளிரூட்டப்பட்ட கூட்ட அறையில், மூன்று அமர்வுகளாக நடந்தேறியது. முதலாளியின் காருக்கு டயர் தேர்ந்தெடுத்தார்கள்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ரத்தச் சிவப்பு. இரண்டே பேர் உட்காரலாம். உட்கார்ந்தவர் எழுந்திருக்க மூன்றாமவர் கை கொடுக்க வேண்டும். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் பறக்கும் என்று அதோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. முதலாளியின் வீட்டிலிருந்து கம்பெனி நாலு கிலோமீட்டர். நடுவில் பதினோரு வேகத்தடைகள். வயிறு தட்டாமலிருக்க ஒவ்வொரு தடையிலும் கார் கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். அந்த நேரத்தில் சைக்கிளில் போகிறவர்கள் அதை முந்திக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு மரியாதை தெரியாது.

இப்படிப்பட்ட காரின் டயர்கள் ஓடித் தேயவில்லை. ஆறு வருஷமாக நின்றே வயதாகி, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தன. முதலாளி அதைப் பார்த்த அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே குழு அமைந்தது. குழுவின் செயலர், கொள்முதல் அதிகாரி.

கொள்முதல் அதிகாரியை லேசாக நினைத்துவிடக் கூடாது. குண்டூசியிலிருந்து பீப்பாய்ப் பசைவரை இருபது வருஷமாக அவர் கைபடாமல் கம்பெனிக்குள் எதுவும் வந்ததில்லை. அப்போது அவருடைய மேசைமேல் இரண்டு கோப்புகள் இருந்தன. தடித்தது முதலாளியின் கார். ஒல்லியானது பணியாளர் வேன். வேனின் முன்சக்கர டயர்கள் மொழுமொழுவென்று ஆகிவிட்டன, மாற்றித் தர வேண்டும் என்று அதில் விண்ணப்பம் இருந்தது. அந்த வேனில் தினமும் பெட்டி ஒட்டும் பிரிவுப் பெண்கள் பதினெட்டுப் பேர் வருகிறார்கள். விண்ணப்பத்தை எழுதியவள் அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர். அவள் அதிகாரியின் மனைவி.

அவள் முதலில் வீட்டில்தான் சொன்னாள்.

"ஏங்க, வேன் டயர்ல வரியே இல்ல. நேத்து தூறல்லயே ஒரு பக்கமா இழுத்துட்டுப் போச்சு. எல்லாரும் முன் சீட்டப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தோம்."

"வீட்டுல ஆபீஸ் விஷயம் பேசாதேன்னு எத்தனை தடவ சொல்றது? முறைப்படி எழுதிக் குடும்மா."

எழுதிக் கொடுத்தாள். காலையில் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த அதே கையால் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்தாள். தபால் பிரிவில் முத்திரை வாங்கிக்கொண்டு அது அவர் மேசைக்கு வந்தது. அவர் பச்சை மைப் பேனாவைத் திறந்து, ஓரத்தில் 'பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த ஒரு சொல்லை எழுதுவதில் அவருக்கு நிகர் அவர்தான். வேன் டயருக்கு மட்டும் இதுவரை ஏழு விண்ணப்பங்கள், ஏழு 'பார்க்கப்பட்டது'. பார்க்கப்பட்டது என்றால் பார்க்கப்பட்டதுதான். வாங்கப்படும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே!

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். காலையில் வானம் மழைக்கு இருட்டினால் போதும், முன்னதாகவே வந்து இரண்டாவது மாடி ஜன்னலில் நிற்பார். சரிவில் இறங்கி வேன் வாசலுக்குள் நுழைந்து, மூன்றாவது ஜன்னலோரத்திலிருந்து மனைவி இறங்கிய பிறகுதான் டீயை வாயில் வைப்பார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கார் டயர் முடிவாவதற்குள் இன்னொரு டயர்ப் பேச்சை எடுத்தால் முதலாளி முகம் சுளிப்பாரே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

முதல் அமர்வுக்கு டயர் விற்பவர் வந்தார். அப்படிச் சொல்லக் கூடாது. அவருடைய அட்டையில் 'பிடிமான ஆலோசகர்' என்று போட்டிருந்தது. கோட்டுப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

"சார் எப்படி ஓட்டுவாங்க?"

"வேகமா," என்றார் முதலாளியின் மைத்துனர். கம்பெனியில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் இல்லாமல் கூட்டம் நடக்காது.

"எவ்வளவு வேகம்?"

"மனசளவுல இருநூத்தி ஐம்பது."

ஆலோசகர் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். அமர்வு இனிதே முடிந்தது.

இரண்டாவது அமர்வில் மூன்று வகை டயர்களே நேரில் வந்தன. கூட்ட மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து மூன்றையும் படுக்கவைத்தார்கள். முதலாளி முதல் டயரை முகர்ந்து பார்த்தார். மைத்துனரும் முகர்ந்தார். கொள்முதல் அதிகாரி முகரவில்லை. செயலருக்கு அந்த அதிகாரம் இல்லை.

"இது எல்லாக் காலத்துக்கும் ஏத்தது சார். மழை, வெயில், எதுக்கும் அசையாது. நிறையப் பேரு இதைத்தான் வாங்குறாங்க," என்றார் ஆலோசகர்.

"நிறையப் பேரா?"

"ஆமா சார்."

"அப்ப எனக்கு எதுக்கு?"

அது மேசையிலிருந்து இறக்கப்பட்டது. இரண்டாவது டயர், 'அமைதியான பயணம்' தரும் என்பதால் தள்ளுபடியானது. சத்தம் வராவிட்டால் முதலாளி வருவது யாருக்குத் தெரியும்? மூன்றாவதைத் தொடும்போதே ஆலோசகரின் குரல் தாழ்ந்தது.

"இது பந்தயத் தடத்துக்குன்னே செஞ்சது சார். வரிப்பள்ளமே கிட்டத்தட்ட கிடையாது. தொட்டுப் பாருங்க, எவ்வளவு வழவழன்னு இருக்கு! காஞ்ச ரோட்டுல அப்படியே ஒட்டிக்கும். மழையில மட்டும் வெளிய எடுக்கக் கூடாது."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு தடவினார். கொள்முதல் அதிகாரிக்கும் அன்று ஒரு ஞானம் பிறந்தது. வழவழப்பான டயர் வேனில் இருந்தால் தேய்மானம். காரில் இருந்தால் தொழில்நுட்பம். ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"சார், அடுத்த வாரம் மழை ஆரம்பிச்சிடும்..."

"வந்தா வரட்டும். பந்தயக் குதிரைய யாராவது தண்ணி இறைக்க விடுவாங்களா?" என்றார் மைத்துனர்.

"இல்ல சார், அப்படியே இதோட சேத்து வேனுக்கும் ரெண்டு டயரு..."

டயரைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. முதலாளி நிதானமாகக் கேட்டார். "அது இந்தக் குழுவோட வரம்புக்குள்ள வருதா?"

"வரல சார்."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்ல சார்," என்று சொல்லிவிட்டுத் தீர்மானத்தை எழுதினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மூன்றாவது அமர்வு, பொருத்தும் வைபவம். டயரில் அச்சிட்டிருந்த அம்புக்குறி சுழலும் பக்கம் பார்த்திருக்கிறதா என்று மைத்துனர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தார். புகைப்படம் எடுத்தார்கள். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

புது டயர் ஈரத் தரையில் நிற்கலாமா? காரை நாலு தாங்கிகள்மேல் ஏற்றிப் போர்வை போர்த்தினார்கள். வீட்டிலிருந்த இன்னொரு காரை முதலாளியின் மனைவி வெளியூருக்கு எடுத்துப்போயிருந்தார். ஆகவே முதலாளி, வேனில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கம்பெனிக்கு வந்தார். 'தொழிலாளரோடு தோளுரசிப் பயணிக்கும் தலைவர்' என்று அறிவிப்புப் பலகையில் செய்தி வந்தது. எழுதியவர் கொள்முதல் அதிகாரி.

மூன்றாம் நாள் கொட்டித் தீர்த்தது. அதிகாரி ஜன்னலில் நின்றிருந்தார். வேன் சரிவில் இறங்கியது. பின்னால் ஈர ரோட்டில் பிரேக் விளக்கின் சிவப்பு விழுந்தது. வேன் நிற்கவில்லை. ஒரு பக்கமாகத் திரும்பி, அவசரமே இல்லாமல் சறுக்கி வந்து வாசல் தூணில் மோதியது. அவர் படிகளில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். முதலாளியின் நெற்றி புடைத்திருந்தது. பெண்களுக்குச் சிராய்ப்புகள். மூன்றாவது ஜன்னலோரத்தில் அவருடைய மனைவி வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். அவருக்கு உள்ளுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது.

அறுந்தது மறுநாள் காலைக்குள் ஒட்டிக்கொண்டது. ஒட்டும் கம்பெனிதானே! விசாரணைக் குழு கூடியது. அதே அறை, அதே ஆட்கள். டிரைவர் கைகட்டி நின்றார்.

"பிரேக்க மிதிச்சியா?"

"மிதிச்சேன் சார். சக்கரம் நின்னுச்சு. வேன்தான் நிக்கல."

"ஆக, மிதிச்சதை ஒத்துக்கறே," என்றார் மைத்துனர். "எழுதிக்குங்க."

கொள்முதல் அதிகாரி எழுதினார். பிரேக்கை மிதித்ததே விபத்துக்குக் காரணம். டிரைவரை வேலையிலிருந்து நீக்கலாம். டயர்களின் நிலை குறித்து இதற்குமுன் எவரும் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை. கடைசி வாக்கியத்தை எழுதுமுன் ஒல்லிக் கோப்பை எடுத்து அலமாரியின் அடித்தட்டில், பழைய பசை ரசீதுகளுக்குக் கீழே செருகிவிட்டு வந்திருந்தார். அறிக்கைக்கு வேனில் வந்த ஒருவரின் சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஒட்டும் பிரிவின் சார்பில் போட வேண்டியவள் யார் என்பது விதிமுறையிலேயே இருந்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போனார். அவள் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அறிக்கையை முழுக்கப் படித்தாள்.

"வீட்டுல ஆபீஸ் விஷயம் பேசக்கூடாதுன்னு சொன்னீங்க?"

"இது அவசரம்மா."

"எழுத்துமூலமா யாரும் சொல்லலையா?"

"அந்தக் கோப்பு கெடைக்கல..."

"டிரைவர் அண்ணன் வீட்டுல சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க?"

"அதெல்லாம் நம்ம வரம்புக்குள்ள வராதும்மா. எனக்கும் வேல இருக்கணும் இல்ல? எடது கையால ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

அவள் அறிக்கையை மடிமேல் வைத்துக்கொண்டாள். பிறகு இடது கையை நீட்டினாள். அவர் அவசர அவசரமாகப் பச்சை மைப் பேனாவைத் திறந்து கொடுத்தார்.

முதல் வகுப்புப் பிள்ளையைப் போல ஒவ்வோர் எழுத்தாக, கோணலும் மாணலுமாக, அவருடைய அறிக்கையின் ஓரத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதி அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

'பார்க்கப்பட்டது.'